புரியவில்லை என்று சொல்லத் தெரிந்த நிரல்

அனைவருக்கும் வணக்கம். தரவின் பொருள் புரிந்து தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஏஜென்ட் நிரல்களை, அதாவது நமக்காகத் தாமே வேலை செய்யும் நிரல்களை, பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் செவ்வாயிலிருந்து தொடங்குகிறேன்.

1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கும்போது தொலைந்துபோனது. அதன் சிறு உந்திகள் இயங்கும்போதெல்லாம், தரையிலிருந்த ஒரு மென்பொருள் உந்தலைக் கணக்கிட்டுக் கோப்பில் எழுதும். வழிகாட்டும் குழு அதை எடுத்துப் பாதையைக் கணிக்கும். எழுதிய நிரல் பவுண்டுக் கணக்கில் எழுதியது. படித்தவர்கள் நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். வித்தியாசம் 4.45 மடங்கு. சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் கடக்க வேண்டிய கலம் 57 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது என்று பிறகு தெரிந்தது. எண்கள் போய்ச் சேர்ந்தன. எந்த அலகு என்பது மட்டும் கூடப் போகவில்லை.

அதே 1999-ல்தான், இணையத்தில் தகவலை அதன் பொருளோடு சேர்த்து எழுதுவதற்கான ஆர்.டி.எஃப். தரநிலையும் வந்தது. எந்தத் தகவலையும் எழுவாய், பண்பு, மதிப்பு என மூன்றாகப் பிரித்து, எழுவாய்க்கும் பண்புக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான ஓர் அடையாளம் தருவது அதன் வழி. 2001 மே மாதம் வலையை (வேர்ல்ட் வைடு வெப்) உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, ஜேம்ஸ் ஹெண்ட்லர், ஓரா லஸ்ஸிலா மூவரும் ஒரு கனவை எழுதினார்கள்: அம்மாவுக்குப் பிசியோதெரபி வேண்டும்; மகளின் ஏஜென்ட் மருத்துவரின் ஏஜென்டிடம் விவரம் வாங்கி, காப்பீட்டுக்குள் வரும் நிலையங்களை அக்கம்பக்கத்தில் தேடி, நேரமும் பார்த்துவிடும். அந்த அளவுக்கு அது நடக்கவில்லை. உலகமே ஒரு பெரிய சொற்பட்டியலுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதே காரணம் என்று நினைக்கிறேன். 2011-ல் தேடுபொறி நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுவந்த, வலைப்பக்கத் தகவல்களைக் குறிப்பதற்கான பொதுச் சொற்பட்டியலான ஸ்கீமா.ஆர்க் எளிமையாக இருந்தது, உடனே பலன் தந்தது, அதனால் பரவியது.

சரி, நிரல் எழுதுபவருக்கு இதில் என்ன? 1996-ல் தொடங்கிய ஃபிப்பா அமைப்பு ஏஜென்ட்களுக்கென்று ஒரு செய்தி மொழி வகுத்தது. ஒவ்வொரு செய்தியும் தன் நோக்கத்தைச் சொல்லியாக வேண்டும்: தெரிவிக்கிறேன், கேட்கிறேன், முன்மொழிகிறேன். எந்த ஆன்டாலஜிப்படி, அதாவது இரு தரப்பும் முன்பே ஒப்புக்கொண்ட எந்தப் பொருள் வரையறைப்படி எழுதப்பட்டது என்பதற்கும் அதில் ஓர் இடம் உண்டு. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. 'புரியவில்லை' என்பதும் அங்கே ஒரு முறையான செய்தி வகை. ஏன் புரியவில்லை என்ற காரணமும் அதனுடன் போகும். ஆர்பிட்டர் கணக்கில் அப்படிக் கேட்கும் நிரல் ஒன்று இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது சாட்ஜிபிடி போன்றவற்றுக்குள் இருக்கும் மொழி மாதிரிகளை வைத்து ஏஜென்ட் எழுதுகிறோம். தரவுப் புலத்தின் (field) பெயரைப் பார்த்தே பொருளை ஊகித்துவிடுகின்றன, பெரிய வசதிதான். ஆனால் 03/04 என்று வந்தால் மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? ஊகிக்கும் ஏஜென்ட் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு தயங்காமல் போய்விடும். எனக்கு அங்கேதான் பயம்.

உங்கள் புராஜெக்டில் இரண்டு ஏஜென்ட்களைப் பேசவிட்ட பிறகு, ஒரு செய்தியிலிருந்து அலகை வேண்டுமென்றே எடுத்துவிட்டு அனுப்புங்கள். வாங்கிய ஏஜென்ட் எதுவும் கேட்காமல் விடை தந்தால், அடுத்த வசதியைச் சேர்ப்பதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.