முதலில் மண்ணைப் பாருங்கள்

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். வாழ்த்துப்பா பாடினால் எதிரணிக்குத்தான் லாபம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"வளர்ந்துவரும் நகரில் குடியேறுமுன் முதலில் விசாரிக்க வேண்டியது மண்ணையா, மனிதரையா?" இதுதான் தலைப்பு. மண்ணையே என்பது எங்கள் கட்சி. சற்றுமுன் எதிரணித் தலைவர் ஒரு வார்த்தை விட்டார்: "அயல் நன்றாக இருந்தால் போதாதா? தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவர்களுக்கு எப்போது வந்தது இந்தப் பண்ணையார் புத்தி?" நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் பதில் சொல்லாமல் இறங்க மாட்டேன். அதற்குமுன் என் மச்சானின் கதை.

மச்சான் மலையகத்து ஹட்டனுக்குப் பக்கத்தில் வீடு வாங்கப் போனார். போனது பெப்ரவரி மாதம். நீல வானம், இதமான வெயில், தரகர் வாயில் தேன். "அயல் எப்படி?" என்று கேட்டார் மச்சான். "தங்கமான சனம்" என்றார் தரகர். பொய்யில்லை. பக்கத்து வீட்டு அக்கா உடனே தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மச்சான் முற்பணம் எடுக்கச் சட்டைப் பைக்குள் கைவிட்டார். அந்த நேரம் பார்த்து எங்கள் மாமி, சுவரில் இருந்த முருகன் கலண்டரைக் குனிந்து கும்பிட்டார். ஏன் குனிந்தார்? கலண்டர் முழங்கால் உயரத்தில் தொங்கியது!

"ஏனப்பா இவ்வளவு கீழே?" என்று மாமி கேட்டார். "சின்னப் பிள்ளைகளும் கும்பிடத்தான் அம்மா" என்றார் தரகர். மாமி கலண்டரைத் தூக்கினார். பின்னால் வெடிப்பு. எவ்வளவு பெரிய வெடிப்பு? மச்சான் கணக்கில் ஐந்து ரூபாய்க் குற்றி போகும். மாமி கணக்கில் கரண்டி போகும். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் அதே கதையை மாமி சொன்னபோது, பூனை புகுந்து அடுத்த அறையால் வெளியே வந்துவிட்டது. நான் நடுவருக்குப் பயந்து ஐந்து ரூபாயோடு நிற்கிறேன்.

கதை முடியவில்லை. அறைக் கதவைச் சாத்தினால் திறக்கவில்லை. "மழைக்குப் பலகை ஊதியிருக்கிறது" என்றார் தரகர். பின்வரிசைக்குக் கேட்டதா? பெப்ரவரியில், மழைக்குப் பலகை ஊதியிருக்கிறதாம்! குன்றெல்லாம் காக்கும் முருகனையே ஒற்றைச் சுவருக்குக் காவல் வைத்த தரகர் அல்லவா, சொல்வார்.

வெடிக்கும் சுவர், இறுகும் கதவு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று: மலை நகர்வதற்கு இவைதான் அறிகுறிகள். ஹட்டன் பக்கம் வீடு பார்க்கிறவர், தென்மேல் பருவமழை கொட்டும் ஜூனில் போய்ப் பாருங்கள். பதுளைப் பக்கம் என்றால் நவம்பர், டிசம்பரில் பாருங்கள். புதிதாகக் கட்டுவதென்றால், நுவரெலியா, பதுளை போன்ற மண்சரிவு மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்பார்கள். பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கப் போனால், குடியிருப்புக்கு அத்தாட்சியாக வாக்காளர் இடாப்பைக் கேட்பார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் தேத்தண்ணீரை யாரும் கேட்க மாட்டார்கள்.

இனி, அந்தப் பண்ணையார் புத்தி. ஐயா, லயத்தில் பிறந்தவனுக்கு வராமல் அது வேறு யாருக்கு வர வேண்டும்? பத்தடிக்குப் பன்னிரண்டடி லய அறையில், அந்தக் காம்பிராவில், குடியேறுமுன் எங்கள் பாட்டன் எந்த மண்ணை விசாரித்தார்? எந்தச் சரிவில் தேயிலை, எந்தச் சரிவில் லயம் என்பதைத் தோட்டத்தை நடத்திய துரை அல்லவா தீர்மானித்தார்! அயலா? எங்களைவிட நல்ல அயல் யாருக்கு இருந்தது? ஒரு காம்பிராவில் இழவு விழுந்தால் அந்த லயத்தில் எவர் வீட்டிலும் அடுப்பு எரியாது. பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்திலும் அப்படிப்பட்ட சனம்தான் இருந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை இறங்கியது. அந்த நல்ல அயலும் சேர்ந்தே புதைந்தது. இதற்குப் பிறகுமா எங்களைப் பார்த்து மண்ணை விசாரிக்காதே என்கிறீர்கள்?

என் அம்மாவுக்கு 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்தது. குடிபுகுந்த அன்று சுவரைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "தம்பி, ஓர் ஆணி அடிக்கலாமா? துரையிடம் கேட்க வேண்டாமா?" எனக்குத் தொண்டை அடைத்தது. "யாரிடமும் கேட்க வேண்டாம் அம்மா" என்றேன். வீட்டில் சுத்தியல் இல்லை. அம்மிக் குழவியைத் தூக்கிவந்து அடித்தார். மாட்டுவதற்கு ஒன்றுமில்லை, ஆனாலும் ஒன்றுக்கு நான்காக அடித்தார்.

நடுவர் அவர்களே, மணியடிக்கக் கை போகிறது, தெரிகிறது. எதிரணித் தலைவர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து அந்த ஆணிகளைப் பார்க்கட்டும். சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், அயலுக்கும் அங்கே குறைவில்லை. நன்றி, வணக்கம்.