தலையை ஆட்டினால் ஆமாவா, இல்லையா?

[காட்சி: சிங்கப்பூர் தேக்கா உணவங்காடி, தேநீர்க் கடை]

ஒரு சீன அக்கா கேட்கிறார்: “தே சி கொசொங், கேன்?” (சர்க்கரை இல்லாத பால் தேநீர், முடியுமா?) கடைக்கார அண்ணன் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் இப்படியும் அப்படியும் சாய்க்கிறார். முடியாது என்கிறாரோ என்று அக்கா தயங்கி நிற்கிறார். அதற்குள் அண்ணன் தேநீரை ஆற்றியே முடித்துவிட்டார்!

பல்கேரியாவில் ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள். கிரேக்கத்திலும் துருக்கியிலும் தலையைப் பின்னால் சாய்த்துப் புருவத்தை உயர்த்தினால் ‘கிடையாது’. சரி, இதெல்லாம் பலருக்குத் தெரிந்ததுதான். நான் இந்த வீடியோ போட்டதே அடுத்த விஷயத்துக்காக.

[காட்சி: சைகை செய்யும் கைகள், பிறகு முகம்]

சைகை மொழிகளில் தலையாட்டலும் இலக்கணம்தான். அமெரிக்கச் சைகை மொழியில் ‘சாப்பிட்டேன்’ என்று கையால் சொல்லிக்கொண்டே தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் போதும், அது ‘சாப்பிடவில்லை’ ஆகிவிடும். இத்தாலியச் சைகை மொழியில் அது செல்லாது, கையாலும் மறுத்தாக வேண்டும். துருக்கியச் சைகை மொழியிலோ, அந்த ஊர்க்காரர்கள் செய்வது போலவே தலை பின்னால் போகிறது. உல்ரிகே ஜேஷான் என்ற மொழியியலாளர் 2004-ல் 38 சைகை மொழிகளை இப்படி ஒப்பிட்டு எழுதினார்.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அமெரிக்கச் சைகை மொழி பேசும் வீட்டில் பிறந்த காது கேளாத குழந்தை, ஒரு வயது வாக்கில், ஊட்ட வரும் கரண்டியைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டும். நம் வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தானே! சில மாதம் கழித்துக் கையால் ‘வேண்டாம்’ காட்டக் கற்றுக்கொள்ளும். அப்போது பார்த்தால், பெரும்பாலும் தலை அசையாது! கை மட்டும்தான் மறுக்கும். இன்னும் சில மாதம் போன பிறகே கையும் தலையும் ஒன்றுசேரும். கைக்குழந்தையாகச் செய்த தலையாட்டலையே அது இலக்கணமாகத் திரும்பவும் படிக்கிறது. சைகை மொழி வெறும் அபிநயம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து இந்த வீடியோவை அனுப்புங்கள்.

நம் சிங்கப்பூர்ச் சைகை மொழிக்கு ஷாங்காய் வேர் உண்டு. காது கேளாதவரான பெங் சூ யிங் 1954-ல் இங்கே பள்ளி தொடங்கினார். அப்புறம் அமெரிக்கச் சைகைகளும் வந்து கலந்தன.

தேசிய தினப் பேரணி உரையின் பதிவில் சைகை மொழிபெயர்ப்பாளர் வரும்போது, கைகளோடு தலையையும் கவனியுங்கள். எந்த இடத்தில் ஆட்டுகிறார் என்று நிமிடக் கணக்கோடு கமெண்டில் எழுதுங்கள். சைகை மொழி தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு விளக்கம் சொல்லுங்கள்.