வளர்பிறை மட்டும்தானா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்க மாநிலங்களில் திருமண உரிமையும் வாக்குரிமையும் காலம் போகப் போக விரிந்துகொண்டே வருகின்றன, அது வளர்பிறை என்று சொல்லி அமர்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். நானும் கைதட்டினேன், உவமைக்குத்தான், வாதத்துக்கு அல்ல.

நியூ ஜெர்சிக்கு வாருங்கள். 50 பவுண்டு சொத்துள்ள குடியிருப்பாளர் எவரும் வாக்களிக்கலாம் என்றது அம்மாநிலத்தின் 1776ஆம் ஆண்டு அரசியலமைப்பு. பெண்களும் வாக்களித்தார்கள். எந்தப் பெண்கள்? மணமாகாதவர்களும் கைம்பெண்களும். மணமானவளின் சொத்துதான் கணவன் கைக்குப் போய்விடுமே, 50 பவுண்டுக்கு அவள் எங்கே போவாள்? அந்த அரைகுறை உரிமையாவது நிலைத்ததா? வெள்ளை ஆண்களுக்கு மட்டும் என்று 1807இல் சட்டம் போட்டுப் பிடுங்கிக்கொண்டார்கள். பெண்களுக்கு அது திரும்பக் கிடைத்தது 1920இல். 113 ஆண்டுத் தேய்பிறையை எந்தப் பஞ்சாங்கத்தில் பார்த்தீர்கள் ஐயா?

அடுத்து, எதெல் மெக்கன்சி. கலிஃபோர்னியாவில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர். 1909இல் பிரிட்டிஷ்காரர் ஒருவரை மணந்தார். 1911இல் அம்மாநிலம் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. மகிழ்ச்சியோடு பெயர் பதியப் போனவரை, வெளிநாட்டவரை மணந்ததால் நீங்கள் அமெரிக்கரே அல்ல என்று திருப்பி அனுப்பினார்கள். 1907ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் அப்படி. அமெரிக்க ஆண் வெளிநாட்டுப் பெண்ணை மணந்தால் மட்டும் குடியுரிமை மனைவிக்கும் சேர்ந்து வரும்! உச்ச நீதிமன்றம் வரை போராடினார், 1915இல் தோற்றார். மாநிலம் கொடுத்த வாக்கைத் தாலி பறித்தது. தாலி அவர்கள் ஊர் வழக்கம் இல்லைதான். மோதிரம் என்று திருத்திக்கொள்கிறேன்.

பழங்கதை என்பீர்கள். அதே கலிஃபோர்னியாவில் 2008 ஜூனில் ஒருபாலினத் திருமணங்கள் தொடங்கின. நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பே அதை நிறுத்தியது. ஐந்து மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

2013 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்தத் திருமணங்களுக்கு மீண்டும் வழிவிட்டது. எதிரணியினர் இதைக் கட்டாயம் சொல்வார்கள், சொல்லட்டும். முந்தைய நாள், ஜூன் 25 அன்று, அதே நீதிமன்றம் என்ன செய்தது? இனப்பாகுபாடு காட்டிய மாநிலங்கள் மத்திய அரசிடம் முன் அனுமதி பெறாமல் தேர்தல் விதிகளை மாற்றக் கூடாது என்றிருந்த 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிடியைத் தளர்த்தியது. அந்த அனுமதி கிடைக்காமல் நின்றிருந்த, அட்டை காட்டினால்தான் வாக்கு என்ற தன் வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை அமல்படுத்துவதாக அன்றைக்கே டெக்சாஸ் மாநிலம் அறிவித்தது.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் 26ஆம் தேதியை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு வர வேண்டாம். 25க்கும் பதில் சொல்லட்டும்.