வனத்துறையின் கேட்: யாருக்கு, எப்போது, எத்தனை பேருக்கு

(பெங்களூருத் தமிழர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேராவது வருஷத்துக்கு ஒரு முறை புலிகள் காப்பகத்துக்கு நடுவே பயணம் செய்கிறவர்கள். ஊட்டிக்குப் போனால் பந்திப்பூர், முதுமலை. கொள்ளேகால், சாமராஜநகர் வழியாகக் கோவைக்குப் போனால் ஆசனூர், திம்பம். செக்போஸ்ட்டில் வண்டி நின்றதும் நம் வாயில் வரும் கேள்வி ஒன்றுதான்: "பொது நிலம்தானே, ஏன் தடுக்கிறார்கள்?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 27-ஆம் பிரிவைப் பாருங்கள். சரணாலயத்துக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் யார் போகலாம் என்று அது சொல்கிறது. பணியில் இருக்கும் அரசு ஊழியர், உள்ளே குடியிருக்க அனுமதி பெற்றவர், உள்ளே நிலபுலம் உள்ளவர், இவர்களைச் சார்ந்திருப்பவர்கள், பொது நெடுஞ்சாலை வழியே கடந்து போகிறவர். மற்ற எல்லோருக்கும் 28-ஆம் பிரிவின் கீழ் அனுமதிச் சீட்டு வேண்டும். விலங்குகளைப் பற்றிய ஆய்வு, படமெடுத்தல், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே வசிப்பவருடன் முறையான கொடுக்கல் வாங்கல் என்று காரணங்களையும் சட்டமே வரையறுத்துவிட்டது. தேசியப் பூங்காவுக்கும் இதே விதிதான். ஆக, சட்டம் காட்டைப் பூட்டி வைக்கவில்லை. யார், எதற்காக, எப்போது, எத்தனை பேர் என்று கேட்கிறது. வனத்துறையின் பாதுகாப்பு வேலையில் பெரும்பகுதி இந்த நான்கு கேள்விகளுக்குள் அடங்கிவிடும்.

சீட்டு வேண்டாதவர்களின் அந்தப் பட்டியலில் காட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர் நெடுஞ்சாலைப் பயணி மட்டும்தான். தொல்லை அதிகம் வருவதும் அவரால்தான். அதனால்தான் இரவுத் தடை வந்தது. பந்திப்பூர் வழியே போகும் இரண்டு நெடுஞ்சாலைகளிலும் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்தை நிறுத்தி 2009-இல் சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டது. வழக்கு நடந்து, 2010-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆம்புலன்ஸுக்கும் எண்ணி வைத்த சில அரசுப் பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு. திம்பம் மலைப்பாதையில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரியில் தடை அமலுக்கு வந்தது.

ஏன் இரவு? சாலையோரப் புதரை வெட்டி வைத்தால் வெளிச்சமும் வரும், இளம்புல்லும் முளைக்கும். அந்தப் புல்லுக்கு மான் வரும், மானுக்குப் பின்னால் மற்றவை வரும். ஹெட்லைட் கண்ணில் பட்டால் மான் ஓடாது, அப்படியே நின்றுவிடும். புதரை வெட்டாமல் விட்டாலோ, யானை சாலையில் கால் வைக்கும்வரை ஓட்டுநருக்குத் தெரியாது. பகலில் இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் பார்த்து ஒதுங்க முடியும், இரவில் முடியாது.

பகலிலும் ஒரு கேடு உண்டு, அது நம் கையால் வருவது. ஆசனூர் பக்கம் காரப்பள்ளம் செக்போஸ்ட்டில் யானைகள் கரும்பு லாரிக்காகக் காத்து நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அளவுக்கு மீறி ஏற்றிய லாரியில் மேலே துருத்தும் கரும்பு உயரத் தடுப்புக் கம்பியில் இடித்து விழுகிறது. சில ஓட்டுநர்கள் தாங்களே இரண்டு கட்டு எறிந்துவிட்டும் போகிறார்கள். குட்டியோடு வந்த தாய், குட்டிக்கு அதைக் கற்றுக்கொடுக்கிறாள். சாலையில் சாப்பாடு கிடைக்கும் என்று கற்ற யானையைத் திரும்பக் காட்டுக்குள் அனுப்புவது எத்தனை பாடு என்பது வேட்டைத் தடுப்புக் காவலர்களைக் கேட்டால் தெரியும்.

குதுரேமுக் தேசியப் பூங்காவில் இன்னொரு முறை இருக்கிறது. நுழையும் செக்போஸ்ட்டில் நேரம் குறித்த சீட்டு கொடுப்பார்கள், வெளியேறும் இடத்தில் அதைப் பார்ப்பார்கள். நேரம் கடந்து வந்தால் எங்கோ நிறுத்திச் சாப்பிட்டு, குப்பை போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், அபராதம் உண்டு. செலவே இல்லாத நல்ல முறை. மற்ற காட்டுச் சாலைகளுக்கும் அது வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது சஃபாரி. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக் கூடாது. அந்த 20-க்குள்ளும் எத்தனை வண்டி விடலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அதைத் "தாங்குதிறன்" என்பார்கள். ஒரு கற்பனைக் காப்பகத்தை வைத்துப் போட்டுக் காட்டுகிறேன். சஃபாரிப் பாதை 40 கிலோமீட்டர். ஒரு வண்டிக்கும் அடுத்ததற்கும் 500 மீட்டர் இடைவெளி என்றால் ஒரே நேரத்தில் 80 வண்டி. காலை, மாலை இரண்டு நடை என்றால் 160. இனி ஒவ்வொன்றாகக் கழியுங்கள். 8 கிலோமீட்டர் மண் அரித்த பாதை, ஆகவே 0.8-ஆல் பெருக்கினால் 128. மழையிலும் தீக்காலத்திலும் ஆக 3 மாதம் மூட வேண்டும், ஆகவே 0.75, விடை 96. கடைசியாகப் பணியாளர். இருக்க வேண்டியதில் 60 சதவீதம் பேர்தான் இருக்கிறார்கள் என்றால் 0.6-ஆல் பெருக்க வேண்டும். 57 வண்டிதான் மிச்சம்.

அந்தக் கடைசிப் பெருக்கலைக் கவனியுங்கள். ஆள் குறைந்தால் டிக்கெட்டும் குறைய வேண்டும் என்று கணக்கே சொல்கிறது. நடைமுறையில் இது தலைகீழாகிவிடும். டிக்கெட்டைக் குறைக்க யாருக்கும் மனம் வராது, ரோந்துக்குப் போக வேண்டிய ஜீப்பும் ஓட்டுநரும் சஃபாரிக்குத் திரும்பிவிடுவார்கள். 2025-இல் மைசூரு, சாமராஜநகர் மாவட்டக் காட்டோர ஊர்களில் புலி தாக்கி மனிதர்கள் இறந்தபோது, நவம்பரில் கர்நாடக அரசு பந்திப்பூர், நாகரஹொளே சஃபாரிகளை நிறுத்தி, அந்தப் பணியாளர்களை ஊரோரக் கண்காணிப்புக்கு அனுப்பச் சொன்னது. விடுதிக்காரர்களுக்கு நஷ்டம் என்று குரல் எழுந்தது. இருக்கட்டும். ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்க முடியாது என்பதை அந்த உத்தரவு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

மலையேற்றத்துக்கு வருகிறேன், இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். 2024 ஜனவரியில் குமார பர்வதத்தில் ஒரே வார இறுதியில் கூட்டம் வழிந்து, படங்கள் ஊரெல்லாம் பரவின. முன்பதிவு இல்லாத பாதைகளை அரசு நிறுத்தி வைத்தது. பிறகு அரண்ய விஹாரா என்ற இணையதளம் வந்தது. ஒரு பாதையில் ஒரு நாளைக்கு 300 பேர் என்று வரம்பும் வந்தது. எண்ணிக்கை மட்டும் போதாது, மாதமும் பார்க்க வேண்டும். 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காய்ந்த புல் சரிவில் மலையேறியவர்கள் தீயில் சிக்கினார்கள், 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நெருப்பு மேட்டை நோக்கித்தான் ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால் அதன் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். மனிதன் மேட்டில் ஓடினால் அவன் வேகம் பாதியாகும். தீக்காலத்தில் பாதையை மூடுகிறார்களே என்று கோபப்படுவதற்கு முன்னால் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தீத்தடுப்புக் கோடு போடுவது மேலோட்டமாகப் பார்த்தால் எளிய வேலை. மழை முடிந்ததும் காட்டுச் சாலையின் இரு பக்கமும் புல்லையும் உண்ணிச்செடியையும் வெட்டிக் காயப் போடுவார்கள். காற்று அடங்கி, பனி ஈரம் இருக்கும் நேரம் பார்த்து, ஆட்களைக் கோடு நெடுகிலும் பச்சைக் கிளையோடு நிறுத்தி, அதைக் கொளுத்துவார்கள். பிப்ரவரிக்கு முன் முடித்துவிட வேண்டும். எங்கே பிசகுகிறது? வடகிழக்கு மழை நீண்டுவிட்டால் ஜனவரியில் புல் பச்சையாகவே இருக்கும், பற்றாது. காத்திருந்தால் ஒரே வாரத்தில் மொறுமொறுவென்று காய்ந்து, வைத்த தீயே கோட்டைத் தாண்டும். வெட்டியதை எரிக்காமல் ஓரத்தில் குவித்து வைத்தால் அதுவே விறகு. இலையுதிர் காட்டில் இன்னொரு சங்கடம் உண்டு: எரித்துச் சுத்தமாக வைத்த கோட்டின் மேல் மார்ச்சில் சருகு கொட்டி மூடிவிடும், திரும்பப் பெருக்க வேண்டும். பெருக்கும் தீக்காவலர்கள் தற்காலிகக் கூலிகள். கூலிப்பணம் தாமதமானால் அந்த வேலை நின்றுபோகிறது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் கோபாலசுவாமி பெட்டா பக்கம் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்தது நினைவிருக்கும்.

இங்கே காட்டிலேயே வாழும் பழங்குடிகளான சோளகர்களைச் சொல்லாமல் தாண்ட முடியாது. பிலிகிரி ரங்கன மலையில் அவர்கள் சருகை மட்டும் எரிக்கும் சிறு தீயைத் "தரகு பெங்கி" என்பார்கள். சரணாலயம் வந்த பிறகு அது நின்றது. அதன் பிறகுதான் உண்ணிச்செடி இப்படி மண்டியது என்று அவர்கள் சொல்கிறார்கள். அதே மலை 2011-இல் புலிகள் காப்பகமானது, அதே ஆண்டில் வன உரிமைச் சட்டத்தின்படி அவர்களுடைய சமூக வன உரிமையும் ஏற்கப்பட்டது. அவர்கள் காட்டுக்கு வரும் விருந்தாளிகள் இல்லை. அவர்களுக்கும் நமக்கும் ஒரே கேட் வைப்பது தவறு.

இனி நம் வாசலுக்கு வருவோம். பன்னேர்கட்டா தேசியப் பூங்கா 260 சதுர கிலோமீட்டர். நீண்டு ஒடுங்கிய காடு. ஒரு முனையில் பெங்களூரு, மறு முனையில் காவிரிச் சரணாலயம், கிழக்கே தமிழ்நாட்டின் தளி, ஜவளகிரிக் காடுகள். ராகி கதிர் முற்றும் நாளில் யானைகள் ஜவளகிரி வழியே ஓசூர்ப் பக்கம் சானமாவு காடுவரை இறங்குகின்றன. யானைக்கு மாநில எல்லை கிடையாது. இந்தப் பக்கம் விரட்டினால் அந்தப் பக்கம், அங்கே விரட்டினால் இங்கே. இரண்டு வனத்துறைகளும் போனில் பேசிக்கொள்ளாத இரவில் விவசாயிக்குத்தான் அடி.

தடுக்க என்ன வைத்திருக்கிறார்கள்? முதலில் யானை அகழி. மேலே 3 மீட்டர் அகலம், 2 முதல் 3 மீட்டர் ஆழம், அடியில் குறுகல். தோண்டிய முதல் வருஷம் நன்றாக நிற்கும். மழையில் கரை சரியும். யானை முன்காலால் ஓரத்து மண்ணை உதைத்து உள்ளே தள்ளி, சறுக்கு மரம்போல் ஆக்கி இறங்கும். ஓடை குறுக்கிடும் இடத்தில் அகழியே வெட்ட முடியாது. அந்தப் பத்தடி இடைவெளியை யானை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடும்.

சூரிய மின்வேலி வேறு ரகம். நொடிக்கு ஒரு முறை, கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக, 5,000 வோல்ட்டுக்கு மேல் துடிப்பு வரும். உயிர் போகாது, சுரீரென்று வலிக்கும். கொடி ஒன்று வளர்ந்து கம்பியில் பட்டால் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்கு இறங்கிவிடும். அதனால் வேலிக்குக் கீழே வாரா வாரம் செதுக்க வேண்டும். கோடையில் மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது. யானை தொட்டாலும் ஷாக் அடிக்காது. எர்த் கம்பியை ஈரமான இடத்தில் இறக்கி, கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். பேட்டரி இருக்கும் முனையில் மட்டும் வோல்ட்மீட்டர் வைத்துப் பார்த்து எழுதிவிட்டுப் போவது பழக்கம். பார்க்க வேண்டியது கடைசி முனையில். தந்தத்தில் ஷாக் ஏறாது என்பதைக் கண்டுகொண்ட ஆண் யானை, தந்தத்தாலேயே கம்பியை அறுக்கும் அல்லது ஒரு மரத்தை அதன் மேல் சாய்க்கும். தயவுசெய்து ஒன்றை ஊரில் உள்ள உறவினர்களிடம் சொல்லுங்கள்: வீட்டு 230 வோல்ட் லைனை வேலியில் நேரே கொக்கி போடுவது மின்வேலி இல்லை, கொலை. யானையும் சாகும், இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்து வயல்காரரும் சாவார்.

பழைய ரயில் தண்டவாளத்தை நட்டுச் செய்யும் தடுப்பு மூன்றிலும் உறுதியானது, செலவும் அதிகம். அதையும் 2018 டிசம்பரில் நாகரஹொளேயில் ஓர் ஆண் யானை ஏறித் தாண்டப் பார்த்து, மேல் கம்பியில் சிக்கி இறந்தது. வலசைப் பாதையின் குறுக்கே எதைக் கட்டினாலும் பலன் இதுதான். தடுப்பு வயலைச் சுற்றி இருக்கட்டும், வழி திறந்திருக்கட்டும்.

எல்லா இடத்தையும் கேட் போட்டுத்தான் காக்க வேண்டும் என்பதில்லை. நகருக்கு வடமேற்கே ஹெசரகட்டா புல்வெளி, 5,000 ஏக்கருக்கு மேல். 2024 அக்டோபரில் மாநில வனவிலங்கு வாரியம் அதைப் பாதுகாப்புக் காப்பகமாக்க ஒப்புதல் தந்தது. சட்டத்தின் 36ஏ பிரிவு. அரசு நிலமாக இருக்க வேண்டும், உள்ளூர் மக்களைக் கலந்து பேச வேண்டும், நிர்வாகக் குழுவில் ஊராட்சிக்கும் இடம் வேண்டும். மாடு மேய்ப்பவர்களை வெளியேற்ற வேண்டிய கட்டாயம் அதில் இல்லை. நல்லெண்ணத்தோடு அங்கே மரம் நடக் கிளம்புகிறவர்களுக்குக் கைகூப்பிச் சொல்கிறேன், நடாதீர்கள். குளிர்காலத்தில் வரும் பூனைப்பருந்துகள் இரவில் புல்லுக்குள் தரையில் தங்குபவை. மரம் வந்தால் அவற்றுக்கு இடமில்லை.

கடைசியாக, காகிதம். காப்பகத்தைச் சுற்றிச் சூழல் உணர்திறன் மண்டலம், அதாவது குவாரி, கட்டுமானம் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் வளையம், அறிவிக்கும்போது மத்திய அரசு முதலில் வரைவு வெளியிடும், 60 நாள் ஆட்சேபம் கேட்கும். பன்னேர்கட்டாவுக்கு முதல் வரைவில் 268.96 சதுர கிலோமீட்டர் இருந்தது. 2020 மார்ச்சில் வந்த இறுதி அறிவிப்பில் 168.84. நூறு சதுர கிலோமீட்டர் குறைந்தது. அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும். பாதிக்கப்படும் ஊர்களில் பேசுவது கன்னடம், தமிழ், தெலுங்கு. அடுத்த வரைவு வரும்போது "காட்டைக் காப்பாற்றுங்கள்" என்று ஆயிரம் பேர் ஒரே கடிதத்தை அனுப்புவதால் பெரிய பலன் இருக்காது. ஊர்ப் பெயர், சர்வே எண், எந்த மாதம் எந்த ஓடை வழியே யானை கடக்கிறது, அங்கே கல்குவாரி இருக்கிறதா, லேஅவுட் வருகிறதா என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஆனேக்கல், ஜிகணி, தளி பக்கம் சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அவர்களோடு உட்கார்ந்து அந்த ஒரு பக்கத்தை எழுத 60 நாள் போதும்.

நன்றி, வணக்கம்.