முறத்தில் எழுந்து நின்ற சருகு

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர்கள் இங்கே நாலைந்து பேராவது இருப்பீர்கள். கொட்டை விழத் தொடங்குமுன் மரத்தடிச் சருகைக் கூட்டித் தள்ளுகிறோம் அல்லவா? சருகுக்குள் விழுந்த கொட்டை கண்ணில் படாது, அதனால்தான். அந்த ஒரு சூட்சுமத்தை வைத்தே பிழைக்கிற பூச்சியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

என் அக்காவை மலேசியாவில், ஈப்போவில் கட்டிக்கொடுத்தோம். ஒருமுறை போயிருந்தபோது, கொல்லைப்புறச் சருகைக் கூட்டி முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு சருகு எழுந்து நின்றது. நின்றதோடு விடாமல் இறக்கையை விரித்தது. அடியில் கருநிறமும் கண் போன்ற புள்ளியும். "தம்பி, கும்பிடுபூச்சிடா அது, ஒண்ணும் பண்ணாது" என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் முறத்தைக் கீழே போட்டுவிட்டேன். முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவன் நான்!

விழுந்த பூச்சி ஓடவில்லை. கால்களை ஒடுக்கிக்கொண்டு சரிந்து கிடந்தது. குனிந்து பார்த்தேன். பெண் பூச்சி, என் நடுவிரல் நீளம். தலைக்குப் பின்னால், நாம் கழுத்து என்று நினைக்கிற இடம், தகடாக விரிந்து ஓரமெல்லாம் அரித்துப் போன மாதிரி இருந்தது. மூடிய இறக்கையில் இலை நரம்பு. அங்கங்கே பூஞ்சை பிடித்தாற்போலத் திட்டு.

டெரோபிளாட்டிஸ் டெசிக்காட்டா என்று இதற்குப் பெயர். முதல் சொல் கிரேக்கம், அகன்ற கழுத்து. அடுத்தது லத்தீன், காய்ந்தது. மலேசியா, சுமத்ரா, போர்னியோ காடுகள்தான் இதற்கு ஊர்.

இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலை போல இருக்கிறது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இது போட்டிருப்பது இலை வேஷம் இல்லை. கெட்டுப்போன இலையின் வேஷம். கிழிசல், சுருட்டல், கறை எல்லாம் வேண்டும். காட்டுத் தரையில் குறையே இல்லாத இலை ஒன்று கிடந்தால், அதுதான் முதலில் கண்ணை இழுக்கும். இன்னொன்று, இந்தப் பூச்சிகளில் ஒன்றின் நிறம் மற்றொன்றுக்கு இராது. வெளிர் பழுப்பும் உண்டு, கரும்பழுப்பும் உண்டு. எல்லாம் ஒரே அச்சாக இருந்தால் பறவை நாலு நாளில் பாடம் படித்துவிடும் என்பது என் கணிப்பு.

அப்புறம் அசைவு. கும்பிடுபூச்சிகள் பல, நடக்கும்போது முன்னும் பின்னும் ஆடி ஆடிப் போகும். காற்றில் ஆடும் இலை என்று பார்ப்பவருக்குத் தோன்றும். பூச்சி வேட்டையாடுவதும் இந்த மறைவில் இருந்துதான். முள் வைத்த முன்னங்கால் பாய்ந்து பிடிப்பது, நாம் கண் இமைக்கிற நேரத்துக்குள் முடிந்துவிடும். கும்பிடு எல்லாம் நம் கண்ணுக்குத்தான்.

நம் பக்கத்தில் இப்படி ஒன்று இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள வயலின் பூச்சி, காங்கிலஸ் காங்கிலோடிஸ். உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1758இலேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார். ஈர்க்குச்சி போல நீண்ட கழுத்து. கால் மூட்டுகளில் இலைத் துணுக்கு ஒட்டினாற்போலச் சிறு மடல்கள். வறண்ட முட்புதரில் அகலமான சருகுக்கு எங்கே போவது? அங்கே குச்சியும் துணுக்கும்தான் கிடைக்கும், அதையே உடுத்திக்கொண்டது. ஈப்போப் பூச்சியை இங்கே கொண்டுவந்து விட்டால், கருவேல முள்ளில் பட்டுச்சேலை சிக்கின கதைதான்.

சரி, முறத்துக்கு வருகிறேன். கண்ணாடியை எடுத்துவர உள்ளே போனேன், இரண்டே நிமிடம். திரும்பி வந்தால் சிதறின சருகுகள் அப்படியே கிடக்கின்றன, பூச்சியை மட்டும் காணோம். அக்கா வந்து, "எங்கேடா அது?" என்று கேட்டாள். நான் உறுதியாக ஒன்றைக் காட்டினேன். அக்கா குனிந்து காம்பைப் பிடித்துத் தூக்கி, என் கையில் வைத்தாள். சருகு.