மேட்டுத் திராட்சையும் ஆளுயரக் குழியும்

நேயர்களுக்கு வணக்கம். மண் பரிசோதனை எனக்குச் சோறு போட்ட தொழில். ஓய்வு பெற்ற பிறகும் எங்காவது குழி வெட்டியிருந்தால் எட்டிப் பார்க்காமல் நகர மாட்டேன். இன்று ஒயின் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒரு மாதிரி பார்த்தார்கள். பயப்பட வேண்டாம், யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. திராட்சை ஒரு பயிர்; என் பேச்சு பயிரையும் மண்ணையும் பற்றித்தான்.

மால்பெக் என்ற கறுப்புத் திராட்சைக்குப் பூர்வீகம் பிரான்சின் தென்மேற்கில் உள்ள காஓர் பக்கம். 1853-இல் மிஷெல் எமே பூஜே என்ற பிரெஞ்சுக்காரர் அர்ஜென்டினாவின் மெண்டோசாவுக்குப் பிரெஞ்சுக் கொடிகளைக் கொண்டுபோனார். அவற்றில் இதுவும் ஒன்று. 1956-இல் அடித்த கடும் உறைபனியில் காஓர் கொடிகளில் பெரும்பகுதி செத்துப்போனது. போன இடத்திலோ வம்சம் தழைத்துவிட்டது.

மெண்டோசா ஒரு வறண்ட பூமி. வருஷத்துக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழைதான். பயிருக்குத் தண்ணீர் ஆண்டிஸ் மலைப் பனி உருகி வருகிறது. நகரத் தெருவோரங்களில்கூட வாய்க்கால் ஓடும். ஸ்பானியர் வருவதற்கு முன்பே ஹுவார்ப்பே மக்கள் வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்த ஊர் அது. ஆனால் வாய்க்கால் தண்ணீர் மேடு ஏறாது இல்லையா? அதனால் மேட்டு நிலம் வெகுகாலம் சும்மா கிடந்தது. ஆழ்துளைக் கிணறும் சொட்டுநீரும் வந்த பிறகுதான் கொடி மேலே ஏறியது. 1992-இல் நிக்கோலாஸ் கத்தேனா என்பவர் உகோ பள்ளத்தாக்கின் குவால்டஷாரி பகுதியில், ஏறக்குறைய 1,450 மீட்டர் உயரத்தில் நட்டார். இவ்வளவு குளிரில் பழம் பழுக்காது என்று எச்சரித்தார்கள். பழுத்தது.

உயரம் என்ன செய்கிறது? மலைப்பாதையில் பஸ் ஏற ஏற ஸ்வெட்டரைத் தேடுகிறோம். 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும். அதே மலையில் நடுப்பகலில் நின்றால், குளிர்கிறதே என்று ஏமாந்து முகம் கருத்துவிடும். காற்று லேசாக இருப்பதால் புற ஊதாக் கதிர் கூடுதலாக இறங்குகிறது. நாம் குடை பிடிக்கலாம், பழம் என்ன செய்யும்? தோலைத் தடிக்க வைத்து, நிறமியைக் கூட்டிக்கொள்கிறது. மால்பெக்கின் மைக் கறுப்பும் துவர்ப்பும் அந்தத் தோலில்தான். இரவுக் குளிர் பழத்தின் புளிப்பைக் கரையவிடாமல் காக்கிறது. பகல் வெயில் இனிப்பைக் கொடுக்க, இரவு புளிப்பைக் காப்பாற்ற, இரண்டும் ஒரே பழத்தில் சேர்கின்றன.

சரி, உயரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பாட்டிலிலேயே மீட்டர் கணக்கை அச்சடிக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. கீழே என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பது?

மார்ச் மாதம், அங்கே அறுவடைக் காலம், குவால்டஷாரியில் ஒரு தோட்டத்துக்குப் போனேன். என்னை அழைத்துப் போனவர் கோப்பையை நீட்டினார். ஐயா, முதலில் குழி இருக்கிறதா என்றேன். சிரித்துவிட்டார். இருந்தது, மண் பார்ப்பதற்கென்றே வெட்டி வைத்திருந்தார்கள், கலிகாத்தா என்கிறார்கள். ஏணி வைத்து இறங்கினேன். ஆளுயரம். மேலே ஒரு சாண் மணல், அதற்குக் கீழே முழுக்க உருண்டைக் கற்கள். ஒரு கல்லைப் பெயர்த்துப் புரட்டினால் அடிப்பக்கம் மட்டும் வெள்ளை, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவின மாதிரி. சமையலறையில் கேட்டு வாங்கி வந்த எலுமிச்சம்பழம் பாக்கெட்டில் இருந்தது. (அமிலப் புட்டியை விமானத்தில் கொண்டுபோக முடியாதே!) பிழிந்தேன். பொடிப்பொடியாக நுரைத்தது. சுண்ணாம்பேதான். எனக்கு அன்றைக்கு அதுவே விருந்து.

அப்புறம் அதே வரிசையில் இருபது காலடி தள்ளி இன்னொரு குழி. அதில் மார்பளவு வரை கல்லே இல்லை, மாவு போன்ற வண்டல். இருபதே காலடி! ஆறு ஒரு காலத்தில் கல்லை ஒரு பக்கமும் சேற்றை ஒரு பக்கமும் கொட்டிவிட்டு வேறு வழி போயிருக்கிறது. கல் மண்ணில் ஊற்றின நீர் ஓட்டைப் பானையில் ஊற்றினதுபோல் இறங்கிவிடும். கொடி தாகத்தில் இலை விடுவதைச் சீக்கிரம் நிறுத்தும்; பழம் சிறுத்து, சாற்றைவிடத் தோல் மிகும். வண்டலில் கொடி கொழுத்து வளரும். இரண்டு கொடியிலும் ஒவ்வொரு பழம் பறித்து மென்றேன். கல் மண் பழம் நெல்லிக்காய்போல் நாக்கைப் பிடித்தது. வண்டல் பழம் வாயில் சாறாக உடைந்தது. உயரம் ஒன்று, வெயில் ஒன்று, ரகம் ஒன்று. குழி மட்டும் வேறு.

கல்லின் ருசி ஒயினில் இறங்குகிறது என்று சொல்வார்கள். அப்படி இல்லை. கல், தண்ணீரை எப்படி விடுகிறது என்பதுதான் கோப்பைக்கு வருகிறது. இதை மறுபடியும் சொல்கிறேன்: தண்ணீர்தான். கத்தேனா குடும்பத்தார் அந்த 1992 தோட்டத்துக்குள்ளேயே துண்டு துண்டாகப் பிரித்துத் தனித்தனிப் பெயரில் மால்பெக் ஒயின் போடுகிறார்களே, அதன் நியாயம் இப்போது புரியும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். வடக்கே சால்டா மாகாணத்தைப் பற்றி நிறைய எழுதி வந்தேன், எல்லாம் போயிற்று. அங்கே கொலோமே என்ற பண்ணைக்காரர்கள் 3,111 மீட்டரில் கொடி வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆலங்கட்டி மழைக்குக் கட்டும் வலை பற்றியும் சொல்ல இருந்தேன். இப்போது ஒரு விரல்தான் தெரிகிறது. நன்றி, வணக்கம்.