எது போகும் என்று முதலில் சொல்லுங்கள்

வணக்கம் நேயர்களே. பெட்ரோல் பங்கில் பணம் கட்டப் போனை எடுக்கிறீர்கள், 'புதிய பதிப்பு வந்திருக்கிறது, அப்டேட் செய்யுங்கள்' என்று திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி வந்து நிற்கிறது, பின்னால் இருக்கும் பைக்காரர் ஹாரன் அடிக்கிறார். அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருக்கும்? 'சில பிழைகள் சரிசெய்யப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டது.' வருஷக்கணக்காக இதே பாட்டுதான். என்ன பிழை, என் பழைய போனில் இது ஓடுமா, ஓடாவிட்டால் பழையபடி திரும்ப வழி உண்டா, மூச்! அப்டேட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பாதுகாப்புக்கு அது வேண்டும். எது போகும் என்று முன்னாலேயே, புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்றுதான் ரொம்ப நாளாகப் புலம்புகிறேன்.

எச்சரிக்கையே வைப்பதில்லையா? சில இடங்களில் வைக்கிறார்கள். வைத்தும் என்ன ஆகிறது என்பதற்கு எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். 2021 நவம்பர். கனடாவில் லைனஸ் செபாஸ்டியன் என்று ஒருவர், கம்ப்யூட்டர்களைப் பற்றி யூடியூபில் பேசியே பெயர் வாங்கியவர். விண்டோஸ் மாதிரியே கணினியை இயக்கும் மென்பொருளான லினக்ஸை உருவாக்கிய லைனஸ் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர் விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறிப் பார்க்கிறேன் என்று இறங்கி, பாப் ஓஎஸ் என்கிற வகையைப் போட்டார். கேம் விளையாட ஸ்டீம் என்கிற செயலி வேண்டும். அதிலுள்ள ஆப் கடை வழியாகப் போட்டால் ஏறவில்லை. சரி என்று, கட்டளைகளைத் தட்டுகிற ஜன்னலான டெர்மினலைத் திறந்து கட்டளையாகவே கொடுத்தார். மளமளவென்று எழுத்து ஓடியது. அங்கே மென்பொருளைப் போடுவது, எடுப்பது எல்லாம் ஏபிடி என்கிற நிரல். அது, அத்தியாவசியமான மென்பொருள் தொகுப்புகள் நீக்கப்படும், கேடு வரலாம், தொடர வேண்டுமானால் 'எஸ், டூ ஆஸ் ஐ சே' என்று தட்டு என்றது. 'ஆமாம், சொன்னதைச் செய்' என்று நம் கையாலேயே எழுதி வாங்குகிறது! அவரும் தட்டினார். டெஸ்க்டாப்பே போய்விட்டது, கறுப்புத் திரையில் வெறும் எழுத்து மட்டும் மிச்சம்.

அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் படிக்காமல் தட்டினார் என்று பலர் கேலி செய்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் கேட்டது ஒரு செயலியைப் போட. அதற்குப் பதிலாக, நீக்கப்போவது எக்ஸ்ஆர்க், ஜிடிஎம்3 என்று வரிசையாகப் பெயர்களை அடுக்கினால் யாருக்குப் புரியும்? 'இதைச் செய்தால் திரையில் ஜன்னல், மெனு எதுவும் இருக்காது' என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி இருந்திருக்கலாம். ஏபிடியை எழுதுகிறவர்கள் அந்த ஆளைத் திட்டிவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை, நிரலை மாற்றினார்கள். இப்போது அத்தியாவசியத் தொகுப்பை நீக்க நேர்ந்தால், அனுமதியில்லை, சிஸ்டம் உடையலாம் என்று சொல்லி அது நின்றுவிடும். தெரிந்தேதான் செய்கிறேன் என்பவர் கட்டளையோடு தனியாக ஒரு விருப்பத்தைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

நான் கேட்பதற்கு ரொம்பக் கிட்டே வருவது டெபியன் என்கிற இன்னொரு லினக்ஸ் வகையில் இருக்கும் ஏபிடி-லிஸ்ட்பக்ஸ் என்கிற நிரல். அப்டேட் கணினியில் ஏறுவதற்கு முன், இந்தப் புதிய பதிப்பில் இன்ன கடுமையான பிழை பதிவாகியிருக்கிறது, தொடரட்டுமா என்று கேட்கும். எவ்வளவு மரியாதையான கேள்வி! ஆனால் அது தானாக வராது, நாம்தான் தேடிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஆகவே கணினிப் பாதுகாப்பு மென்பொருள் விற்கும் கிரௌட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் விஷயத்தை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 19, அவர்கள் அனுப்பிய ஒரு அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு படுத்தன, நம் நாட்டு விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எதற்கும் ஒரு பதிப்பு பின்னாலேயே இருப்போம் என்று ஜாக்கிரதையாக இருந்த நிறுவனங்களும் தப்பவில்லை, ஏனென்றால் வந்தது பதிப்பு அல்ல, ஒரு சின்ன தரவுக் கோப்பு, அது எல்லோருக்கும் கேட்காமலே போனது. அதை எப்போது வாங்குவது என்கிற தேர்வை வாடிக்கையாளர் கையில் கொடுத்தது அப்புறம்தான். அப்டேட்டுக்கு முன் போன் படங்களை எப்படி நகல் எடுத்து வைப்பது என்றும் குறித்து வந்திருந்தேன், நேரமில்லை. வணக்கம்.